புதுப்பிப்பு: மகளோடு சேர்ந்து ஐரோப்பிய வாள்வீச்சு

12 வயது மகளோடு நாங்கள் இருவரும் பழைய ஐரோப்பிய வாள்வீச்சு கற்கலாமா, நீண்ட வாள் அவளுக்குக் கனக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒற்றைக் கை வாளும் சிறு கேடயமும் வைத்துத் தொடங்கச் சொன்னீர்கள். அப்படியே வகுப்பில் சேர்ந்துவிட்டோம், நன்றி.

லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஐ.33 சுவடிதான் எங்கள் பாடம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கிடைத்திருக்கும் ஐரோப்பிய வாள்வீச்சு நூல்களில் அதுவே மிகப் பழையது. அதில் ஏழு காப்பு நிலைகள், அதாவது வாளைத் தயாராகப் பிடித்து நிற்கும் நிலைகள். முதலாவதில் வாள் இடது அக்குளுக்கு அடியில் இருக்கும். வெட்டும்போது கேடயம் வாள் பிடித்த கையை மறைத்தபடியே கூடப் போகவேண்டும், அதுதான் கடினம். கடைசிப் பக்கங்களில் வால்புர்கிஸ் என்ற பெண், ஒரு பாதிரியாரோடு வாள் பயில்கிறாள். அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து மகள்தான் எங்களை வகுப்புக்கு இழுத்துப்போகிறாள்! இப்போதைக்கு நைலான் வாள், முகக்கவசம், கையுறை. எஃகு வாள் அப்புறம்.