பெரிய வண்டியும் மிளகும்

குழு: அஸ்தம்பட்டி வீடு

ஞாயிறு, மாலை

கார்த்தி: ஏற்காட்டிலிருந்து இறங்கியாச்சு. அடிவாரத்தில் நிற்கிறோம். பாதி மலைக்கு அப்புறம் பிரேக்கைத் தொட்டாலே ஸ்டியரிங் ஆடுகிறது, பெடலும் காலைத் தள்ளுகிறது. முன் சக்கரத்தில் தீய்ந்த வாடை.

பெரியம்மா: மிளகு வாங்கினாயா கண்ணு?

சங்ககிரி மாமா: எந்த கியரில் இறங்கினாய்?

கார்த்தி: நேர் ரோட்டில் நாலு. வளைவில் மட்டும் இரண்டு.

சங்ககிரி மாமா: அப்போ 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறக்கியிருக்கிறாய். ஏறின கியரில்தான் இறங்கணும். உன் அப்பாவுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கார்த்தி: புகை வந்தது மாமா. தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

சங்ககிரி மாமா: அடப்பாவி. எத்தனை பாட்டில்?

கார்த்தி: ஒன்றரை.

சங்ககிரி மாமா: சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்க், கொதிக்கிற வார்ப்பிரும்பு அது, தோசைக்கல் இல்லை. இனி ஊற்றாதே. அரை மணி நேரம் தானாக ஆறட்டும். பெடலை மிதித்துக்கொண்டு நிற்காதே, ஹேண்ட் பிரேக் போடு. உன் வண்டியில் அது பின்னால் டிரம்மைத்தான் பிடிக்கும்.

பெரியப்பா: முன் டிஸ்க் மாற்றி ஐந்து மாதம்தானே ஆகிறது?

நான்: ஐந்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை பெரியப்பா. பில் என்னிடம்தான் இருக்கிறது, வயிறு எரிகிறது.

செவ்வாய், மதியம்

கார்த்தி: இந்தத் தடவை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வேறு மெக்கானிக். சக்கரத்தைக் கழற்றி, கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றிக் காட்டினார். முள் 0.14 மில்லிமீட்டர் ஆடுகிறது. 0.05க்குள் இருக்கணுமாம். அப்புறம் டிஸ்க்கை எடுத்தார். உள்ளே டிஸ்க் உட்காருகிற ஹப் முழுக்கத் துரு, அடிப்பிடித்த சோறு மாதிரி பக்குக் கட்டியிருக்கிறது. போன தடவை அதைச் சுரண்டாமல் அப்படியே மேலே புது டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள்.

நான்: அப்போ டிஸ்க் சூட்டில் வளையவில்லையா?

கார்த்தி: அதையேதான் கேட்டேன். கோணலாக உட்கார்ந்ததால், சுற்றுக்கு ஒரு தடவை ஒரே இடம், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடில் உரசியிருக்கிறது. பிரேக் போடாதபோதும். உரசி உரசி அந்த இடம் தேய்ந்துவிட்டது. மைக்ரோமீட்டரில் தடிமனை எட்டு இடத்தில் அளந்தார், 0.03 மில்லிமீட்டர் வித்தியாசம். கையால் தடவினால் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் காலுக்குத் தெரிகிறது.

சங்ககிரி மாமா: லேத்தில் கொடுத்துச் சீவச் சொல்லேன். தடிமன் இருக்குமே.

கார்த்தி: தடிமன் இருக்கிறது மாமா. ஓரத்தில் குத்தியிருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு இன்னும் இறங்கவில்லை. ஆனால் நான் மலையிறக்கத்தில் காய்ச்சியதில் அங்கங்கே நீலம் பாய்ந்திருக்கிறது. அந்த இடம் இறுகிவிடுமாம். சீவினாலும் கொஞ்ச நாளில் அங்கேயே மேடு தட்டும் என்கிறார்.

சங்ககிரி மாமா: சரியாகத்தான் சொல்கிறார். லாரி டிரம்மிலும் அப்படித்தான். ஆள் விவரமானவர், விட்டுவிடாதே.

பெரியப்பா: மொத்தம் எவ்வளவு ஆகும்?

கார்த்தி: அதை நேரில் சொல்கிறேன் பெரியப்பா.

வெள்ளி, இரவு

கார்த்தி: முடிந்தது. இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேடு. வேலை நடந்ததைவிடத் துரு சுரண்டிய நேரம்தான் அதிகம். கம்பி பிரஷ் போட்டு ஹப் பளபளவென்று ஆகும்வரை விடவில்லை. பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டிவைத்தார். புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைக் கழுவித் துடைத்தார். இப்போது முள் 0.03. நட்டையும் காற்றுத் துப்பாக்கியால் அடிக்காமல், குறுக்கும் நெடுக்குமாக, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கினார்.

நான்: ஓட்டிப் பார்த்தாயா?

கார்த்தி: சாவியைப் போட்டேன், பிடுங்கிக்கொண்டார். முதலில் பெடலை மிதி என்றார். மிதித்தால் தரைக்கே போகிறது! நாலைந்து தடவை மிதித்த பிறகுதான் கெட்டியானது. புது பேடு போட காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அப்படித்தானாம். அப்படியே எடுத்திருந்தால் எதிர்க்கடைக்குள் போயிருப்பேன்.

பெரியம்மா: முருகா.

சனி, காலை 6:10

கார்த்தி: சீலநாயக்கன்பட்டி பைபாஸ். புது பேடு டிஸ்க்கோடு படிய வேண்டுமாம். 60இலிருந்து 15 வரை நிதானமாகக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல் மறுபடி ஓட்டி, பத்துத் தடவை. நடுவில் ஆறவும் விடணும். பின்னால் வந்த லாரிக்காரர் கையைக் காட்டித் திட்டிக்கொண்டே போனார்.

சங்ககிரி மாமா: நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன்.

ஞாயிறு, மாலை

கார்த்தி: மறுபடியும் ஏற்காடு போய் இறங்கியாச்சு. முழுக்க இரண்டாவது கியர், இஞ்சின் கத்தியது, பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டேன். ஸ்டியரிங் அசையவில்லை. வாடையும் இல்லை.

பெரியம்மா: மிளகு?

கார்த்தி: பெரியம்மா...

நான்: டேய்.

கார்த்தி: இன்னொரு தடவை ஏறட்டுமா?