ஷிம்மர் (மினுக்கு) ஐஷேடோ கன்னத்தில் கொட்டுது, இமை மடிப்பில் திரளுது. என்ன செய்யலாம்?

செம்பனை மல்லி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம் அக்கா எல்லாருக்கும். புது பேலட்டில் 9 நிறம்: செம்பு, வெண்கலம், பழந்தங்கம், பீச், ஷாம்பெயின், மீதி 4 மேட் (மினுக்காத) பழுப்பு. எஸ்டேட் கோயிலில் காலை 9 மணிக்குக் கல்யாணம், பந்தலில் ஒரே புழுக்கமாக இருக்கும். பிரஷில் எடுத்தால் பாதி கன்னத்தில் விழுது. இரண்டு மணி நேரத்தில் இமை மடிப்பில் கோடு கோடாகத் திரண்டுடுது. ஷாம்பெயின் போட்டால் சாம்பல் பூசின மாதிரி இருக்கு. நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு.

கண்மை அக்கா:
தங்கச்சி, ஷிம்மரின் மினுமினுப்பு மைக்கா என்ற கனிமத்தின் செதிலில் இருந்து வருது. மேட் பொடியைவிட அந்தச் செதில் பெரிசு. அடர்த்தியில்லாத பஞ்சு பிரஷால் தேய்த்தால் பறக்கத்தான் செய்யும். மோதிர விரலால் எடுத்து, இமை மேல் ஒத்தி ஒத்தி வை, இழுக்காதே. விரல் சூட்டில் பொடி இளகிப் பிடிச்சுக்கும்.

பிரைமர் (ஐஷேடோவுக்கு அடியில் பூசும் கிரீம்) ஒரு கண்ணுக்கு அரை அரிசி அளவு போதும். அதிகமானால் அதுவே வழுக்கி மடிப்பில் திரளும். மடிப்பில் மட்டும் கொஞ்சம் பவுடர் ஒத்திட்டு மேட் பழுப்பைக் கலந்து விடு. இமை நடுவில் பவுடர் வேண்டாம். அங்கே பிரைமர் லேசாக ஒட்டும்போதே ஷிம்மரை வை. மடிப்புக்குள் ஷிம்மரைக் கொண்டு போகாதே. வியர்வையும் எண்ணெயும் முதலில் சேர்ற இடம் அதுதான்.

முதலில் கண், அப்புறம்தான் ஃபவுண்டேஷன். விழுந்த மினுக்கைத் துடைச்சிட்டு முகத்தைத் தொடங்கலாம்.

மஞ்சள்வெயில்:
சாம்பல் விஷயத்துக்கு வர்றேன். ஷாம்பெயின் போன்ற வெளிர் மினுக்கில் மைக்காவின் மேல் டைட்டானியம் டையாக்சைடு பூச்சு இருக்கும், அந்த வெண்மைதான் கறுத்த தோலில் சாம்பலாகத் தெரியுது. செம்பிலும் வெண்கலத்திலும் இரும்பு ஆக்சைடு இருக்கிறதால நம்ம தோலோடு நல்லா ஒட்டிப் போகும். ஷாம்பெயினை உள் மூலையில் ஒரு புள்ளியோடு நிறுத்து. பழந்தங்கம் வேணும்னா, அடியில் பழுப்புக் கண் பென்சிலை இழைச்சுவிட்டு மேலே ஒத்து. தங்கம் தனியாக எழும்பும். காலை நேரத்தில் சன்னல் பக்கம் நின்னு பார், குழல் விளக்கு ஏமாத்தும்.

செம்பனை மல்லி:
நன்றி அக்கா! தண்ணீர் தெளித்தால் இன்னும் பளிச்சென்று வருமா?

கண்மை அக்கா:
வரும். ஆனால் பேலட் மேல் தெளிக்காதே, மேலே கெட்டிப் படலம் பிடிச்சிடும். தட்டையான சின்ன பிரஷில் முதலில் பொடியை எடு, பிறகு பிரஷில் ஒரு தடவை செட்டிங் ஸ்ப்ரே (மேக்கப் கலையாமல் இருக்க அடிக்கும் திரவம்) அடி, உடனே ஒத்து. விரல் எண்ணெயாலும் படலம் பிடிக்கும். அப்போ செலோடேப்பை மெதுவாக ஒட்டி எடுத்தால் மேல் படலம் வந்துடும்.

மஞ்சள்வெயில்:
இன்னொண்ணு. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கினதுன்னா, பெட்டியில் 'நாட்' என்று தொடங்கி 'கே' என்று முடியும் என்.பி.ஆர்.ஏ. (மலேசியாவின் மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு அமைப்பு) அறிவிப்பு எண் இருக்கான்னு பார். கைவேலைக் கடை கிளிட்டரைக் கண் பக்கமே கொண்டு போகாதே. அது பிளாஸ்டிக் துணுக்கு, விழியைக் கீறிடும். காண்டாக்ட் லென்ஸ் போடுவதென்றால் லென்ஸ் முதலில், மேக்கப் பிறகு. இரவில் கழற்றும்போதும் லென்ஸ்தான் முதலில்.

விருந்துக்கு முன் மடிப்பில் திரண்டிருந்தால் மேலேயே பூசாதே. டிஷ்யூவால் எண்ணெயை ஒத்தி எடு, சுத்தமான விரலால் கோட்டைச் சமப்படுத்து, நடுவில் மட்டும் செம்பு ஒரு ஒத்து.