ஹவில்தார் ஓய்வூதியர் இறந்து மூன்று மாதம்: குடும்ப ஓய்வூதியத்துக்கு எங்கே தொடங்குவது?

கேள்வி: தெருமுனை

எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்காகக் கேட்கிறேன். கணவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஹவில்தார், 2014ல் ஓய்வு. மூன்று மாதத்துக்கு முன் 56 வயதில் இறந்துவிட்டார். பென்ஷன் பணம் இன்னும் அவர் கணக்கில் விழுகிறது, ஏடிஎம் கார்டில் எடுத்துத்தான் வீட்டுச் செலவு நடக்கிறது. பிபிஓவில் (ஓய்வூதிய ஆணை) அந்த அம்மா பெயர் 'எம். செல்வி', ஆதாரில் 'செல்வி ஆ'. பெண் பி.காம் இரண்டாம் ஆண்டு. படிப்புக்கு ஏதாவது உதவி கிடைக்குமா? முதலில் எந்த ஆபீசுக்குப் போக வேண்டும்?

பதில் 1: வெலிங்டன் வாசல்

முதல் வேலை, அந்த ஏடிஎம் கார்டை இன்றே எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். இறந்த தேதி வரைக்குமான பென்ஷன்தான் அவருடையது. மறுநாளிலிருந்து அந்த அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். இடையில் எடுத்த பணத்தைப் பின்னால் நிலுவையில் பிடித்துக்கொள்வார்கள். எடுத்ததை மறைக்க வேண்டாம், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடலாம்.

பயந்துகொண்டு தள்ளிப்போட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். 2014ல் கம்யூட் செய்திருந்தால் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியிருந்தால்) அதற்கான பிடித்தம் 15 வருடம் ஓடும், ஆகவே இப்போது வருவது பிடித்தம் போக மீதி. குடும்ப ஓய்வூதியத்தில் அந்தப் பிடித்தம் கிடையாது. அதோடு 67 வயதுக்கு முன் இறந்ததால் கூடுதல் விகிதம் உண்டு: கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் 7 வருடத்துக்கு, அதன்பின் 30 சதவீதம். அகவிலை நிவாரணம் தனி.

போக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம், நம்மூரில் சைனிக் போர்டு என்று சொல்வார்களே, அதுதான். இறப்பை ஸ்பர்ஷ் (ராணுவ ஓய்வூதியத்துக்கான இணையதளம்) தளத்தில் பதிய அங்கேயே உதவி கேட்கலாம், பொதுச் சேவை மையத்திலும் (சிஎஸ்சி) செய்யலாம். கையில் இருக்க வேண்டியவை: இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த புத்தகம்), பிபிஓ, அம்மாவின் ஆதார், பான், அவர் பெயரில் தனி வங்கிக் கணக்கின் பாஸ்புக். பதிந்ததற்கான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விதவையர் அடையாள அட்டைக்கும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பதில் 2: பழைய கிளார்க்

பெயர் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், நம் ஊர் விண்ணப்பங்கள் அதிகம் நிற்பது இன்ஷியலில்தான். கல்யாணமான புதிதில் பதிந்தபோது அப்பா இன்ஷியல், ஆதாரில் கணவர் இன்ஷியல். வடக்கே உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்கு இது இரண்டு வேறு ஆட்கள்.

முதலில் டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தைத் திறந்து, எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிபிஓவும் அதுவும் ஒத்துப்போனால் ஆதாரை அதற்கேற்ப மாற்றுவதே சீக்கிரம் முடியும். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பான், பாஸ்புக் எல்லாவற்றிலும் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தபின் போங்கள். பெயரே வேறாக இருந்தால் (வீட்டில் செல்வி, பள்ளியில் தமிழ்ச்செல்வி என்பது போல) பிரமாணப் பத்திரம் எழுதி, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு (பணிப் பதிவேடுகள் இருக்கும் அலுவலகம்) சைனிக் போர்டு வழியாக அனுப்பித் திருத்த பிபிஓ வாங்க வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். இறப்பைப் பதிவதை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம்.

பதில் 3: மலர்க்கொடி

பெண்ணின் படிப்புக்கு: கேந்திரிய சைனிக் போர்டு தளத்தில் பாதுகாப்பு அமைச்சர் நல நிதியின் கல்வி உதவி இருக்கிறது. ஹவில்தார் வரையிலான தரத்துக்குத்தான். இரண்டு பிள்ளைகள் வரை, முதல் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை. 1.11.2025 முதல் வரும் விண்ணப்பங்களுக்குப் பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய், முன்பு 1,000. தேறி முடித்த ஆண்டுக்குத்தான் கொடுப்பார்கள், மதிப்பெண் 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஜெராக்ஸை ஸ்கேன் செய்து ஏற்றினால் திருப்பி அனுப்புவார்கள், அசலையே ஸ்கேன் செய்யுங்கள்.

பிரதமர் உதவித்தொகை இந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது. அது தொழிற்படிப்பில் முதலாண்டு சேருபவர்களுக்கு.

இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையையும் மறந்துவிடாதீர்கள். கணவர் முதன்மை உறுப்பினராக இருந்தார் அல்லவா, அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் சொல்லி அதை அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டும், மறுபடி பணம் கட்டத் தேவையில்லை. அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். மகளுக்குத் திருமணம் ஆகும்வரை அல்லது சம்பாதிக்கும்வரை அட்டை செல்லும்.

தெருமுனை

டிஸ்சார்ஜ் புக்கிலும் 'எம். செல்வி' என்றுதான் இருக்கிறது. ஆதாரை மாற்றிவிடலாம். டிரங்குப் பெட்டியில் ஆர்மி குரூப் இன்சூரன்ஸ் என்று ஒரு சான்றிதழும் இருந்தது, காலாவதி ஆனதாக இருக்குமோ?

பதில் 4: வெலிங்டன் வாசல்

தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! ஓய்வு பெறும்போது மொத்தமாகப் பிரீமியம் பிடித்துக் கொடுக்கும் நீட்டிப்புக் காப்பீடாக இருக்கலாம். 56 வயதில் இறந்தவருக்குக் காலம் மீதியிருக்க வாய்ப்பு அதிகம், தேதி சான்றிதழிலேயே இருக்கும். அசலைக் கையில் வைத்துக்கொண்டு, நகலோடு சைனிக் போர்டில் கேளுங்கள்.

இன்னொன்று. குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கியபின் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். மையத்தில் ஜீவன் பிரமாண் (இணையவழி உயிர்வாழ் சான்று) போடும் பையன் பழக்கத்தில் வங்கியைத் தேர்ந்தெடுத்துவிடுவான். ஒப்பளிப்பு அதிகாரி என்ற இடத்தில் டிஃபென்ஸ் பிசிடிஏ (பி) (ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகம்), வழங்கும் அதிகாரி என்ற இடத்தில் ஸ்பர்ஷ் பிசிடிஏ என்று இருக்கிறதா என அந்த அம்மா திரையைப் பார்த்த பிறகே விரல் வைக்கச் சொல்லுங்கள். அங்கே தவறினால் சான்று வேறெங்கோ போய்ச் சேரும், பணம் நிற்கும்.