கீழ வீதி வீடு: அப்பாயியின் சமையல் புத்தகம்

கயல் (டப்ளின்), மாலை 6:42
அத்தை, அப்பாயியின் பழைய ‘சமைத்துப் பார்’ உங்களிடம்தானே இருக்கிறது? சாம்பார்ப் பொடி இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? இங்கே கடையில் வாங்கிய பொடியில் மணமே இல்லை.

சாந்தி அத்தை, 6:50
இரு கண்ணு, அடுப்பை அணைத்துவிட்டு எடுக்கிறேன்.

சாந்தி அத்தை, 6:58
📷 படம்
ஓரத்தில் பென்சிலில் இருப்பது அப்பாயி எழுத்து. நம் வீட்டுக்கு ஏற்ற மாதிரி அளவை மாற்றிக் குறித்து வைத்திருக்கிறார். அதையே எடுத்துக்கொள். மஞ்சள் கறை மேல் இருப்பது ‘வெந்தயம்’.

கயல், 7:03
‘மிளகாய் 4 பலம், மல்லி 2 ஆழாக்கு, வெந்தயம் 1 ரூபாய் எடை.’ பலம் என்றால் எவ்வளவு? ரூபாய் எடை என்றால் இப்போது இருக்கும் ஒரு ரூபாய் நாணயமா?

பெரியப்பா, 7:15
இல்லையம்மா. வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய். அது சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். வீட்டில் எடைக்கல் இல்லாவிட்டால் தராசில் ரூபாயையே வைத்து நிறுப்பார்கள். 3 ரூபாய் எடை ஒரு பலம், அதாவது 35 கிராம். உன் மிளகாய் 140 கிராம், வெந்தயம் 12 கிராம் போதும்.

செந்தில், 7:18
அப்பா, அச்சுப் புத்தகத்தில் ஏன் கிராம் இல்லை?

பெரியப்பா, 7:24
புத்தகம் முதலில் வந்தது 1951-இல். ரூபாய்க்கு நூறு என்ற நயா பைசாவே 1957 ஏப்ரலில்தான் வந்தது. கிலோ, கிராம் எடைகள் 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாகத்தான் புழக்கத்துக்கு வந்தன. அப்பாயி கை கடைசிவரை பலத்திலேயே நின்றுவிட்டது.

கயல், 7:26
ஆழாக்கு?

பெரியப்பா, 7:29
8 ஆழாக்கு ஒரு படி. ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். சாந்தி, நம் பித்தளை ஆழாக்கு பரணில் இருக்கிறதா பார்.

சாந்தி அத்தை, 7:51
எடுத்துவிட்டேன் அண்ணா. அடி நசுங்கியிருக்கிறது, ஓட்டை இல்லை. தண்ணீர் நிரப்பி ஊற்றிச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். 170 கிராம். அப்படியென்றால் 170 மில்லி. கயல், உன் அளவுக் கோப்பையில் 340 மில்லி வரை மல்லி எடுத்துக்கொள். பாதி அளவுதான் அரைக்கிறாய் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கு.

செந்தில், 8:05
எனக்கு ஒன்று தோன்றுகிறது. தாத்தாவின் கண்ணாடி அலமாரியில் அரசியல், தத்துவம், உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ எல்லாம் வரிசையாக இருக்கும். இந்தப் புத்தகம் மட்டும் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடக்கும். அதை ஒரு புத்தகமாகவே நான் நினைத்ததில்லை.

சாந்தி அத்தை, 8:14
யாருமே நினைக்கவில்லை செந்தில். வீட்டைக் காலி செய்த அன்று அலமாரிப் புத்தகங்களை நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து பங்கு பிரித்தீர்கள். இது பழைய பேப்பர் கட்டுக்குள் கிடந்தது. கயிற்றை அவிழ்த்து எடுத்தேன். அம்மா தினமும் கையில் எடுத்த ஒரே புத்தகம் அது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியப்பா, 8:22
அந்தக் கட்டில் வைத்தது நான்தான் சாந்தி. அட்டை கிழிந்திருந்தது, உள்ளே புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. தப்புதான்.

சாந்தி அத்தை, 8:25
சரி அண்ணா. இப்போது என்னிடம் பத்திரமாக இருக்கிறதே.

சாந்தி அத்தை, 8:33
அதை எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். குடும்பப் பொறுப்பு முழுக்க அவர் தலையில். சொந்தக்காரர்கள் சமையல் குறிப்பு கேட்டுக்கொண்டே இருப்பார்களாம், அவரும் சொல்லிக்கொண்டே இருப்பாராம். மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர்தான், ‘புத்தகமாகவே போட்டுவிடு’ என்றவர். கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் அதை வைத்து அனுப்பும் வழக்கமே வந்துவிட்டது. நம் வீட்டில் மீனும் கறியும் அம்மாவின் கைப்பக்குவம், அதற்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. பொடிக்கும் ஊறுகாய்க்கும் மட்டும் இதைத்தான் திறப்பார். பக்கத்தில் ஆள் நின்று சொல்கிற மாதிரி எழுத்து, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

செந்தில், 8:40
அத்தை, பென்சில் குறிப்பு உள்ள பக்கங்கள் எத்தனை?

சாந்தி அத்தை, 8:47
எண்ணினேன். 31. ஒன்றில் ‘புளி குறைக்கவும், அவருக்கு ஆகாது’ என்று இருக்கிறது. தாத்தாவுக்கு வயிற்றுப் புண் இருந்தபோது எழுதியிருப்பார்.

செந்தில், 8:49
31 பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். பலம், ஆழாக்கு எல்லாவற்றையும் கிராமில் போட்டு நான் தட்டச்சு செய்கிறேன். அப்பாயி குறித்ததைத் தனியாகக் காட்டிவிடுகிறேன், புத்தகத்தில் இருப்பதோடு கலக்கக் கூடாது.

பெரியப்பா, 8:58
நல்லது. கயல், டப்ளின் என்றதும் எனக்குப் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார்தான் நினைவுக்கு வருகிறார். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. அப்புறம் உலகம் முழுக்க அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடிச் சேர்த்தார். 1940-இல் படம் வெளிவந்தது. அந்த அலைச்சலை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ புத்தகத்தில் படிக்கலாம். தாத்தா புத்தகங்களில் என் பங்காக வந்த கட்டுக்குள் அது இருக்கிறது, உனக்கு அனுப்புகிறேன். அங்கே உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும் நீ.

கயல், 9:04
அனுப்புங்கள் பெரியப்பா. மல்லி வாணலியில் இருக்கிறது. இன்னும் சிவக்கவே இல்லையே அத்தை?

சாந்தி அத்தை, 9:05
சிவக்கும்வரை விடாதே! வாசனை வந்ததா?

கயல், 9:05
வந்துவிட்டது.

சாந்தி அத்தை, 9:06
உடனே இறக்கித் தட்டில் கொட்டு. வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். மிளகாயை அப்புறம் தனியாக வறு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்.