பொதுப்பட்டியலில் மாநிலச் சட்டம்: குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கிவிட்டால் போதுமா?

படிக்கட்டு (கேள்வி):
ஒன்றியமும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ள ஒரு பொருளில் ஏற்கெனவே ஒன்றியச் சட்டம் இருக்கிறது. மாநிலம் அதற்கு மாறாக ஒரு சட்டம் போட்டு அரசமைப்பின் உறுப்பு 254(2)-இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கிவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே செல்லும். பாடப்புத்தகம் இதோடு முடித்துக்கொள்கிறது. அப்படியானால் 2019-இல் நில எடுப்பு வழக்கில் ஒப்புதல் இருந்தும் தமிழ்நாட்டின் மூன்று சட்டங்களைச் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது எப்படி? இரண்டு சட்டங்கள் முரண்படுகின்றனவா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

வரைவுமேசை:
நேரே 254-க்குப் போகாதீர்கள். முதலில் சட்டம் போடும் பொருள்களை ஒன்றியம், மாநிலம், பொது என்று மூன்று பட்டியலாகப் பிரிக்கும் ஏழாவது அட்டவணை. மாநிலச் சட்டத்தின் சாரம் எந்தப் பட்டியலில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். மாநிலப் பட்டியலில் விழுந்தால் ஒன்றியப் பொருள் ஒன்றைப் போகிற போக்கில் தொட்டாலும் சட்டம் நிற்கும். வங்காளத்தின் கடன் கொடுப்போர் சட்டம் பிராமிசரி நோட்டைத் தொட்டது. அது மத்தியப் பொருள். ஆனாலும் சட்டத்தின் சாரம் கடன் தொழில்தான் என்று பிரிவி கவுன்சில் (அப்போது லண்டனில் இருந்த மேல்முறையீட்டு அமைப்பு) 1947-இல் அதைக் காப்பாற்றியது.

இரண்டு சட்டங்களும் பொதுப்பட்டியலில் விழுந்தால்தான் முரண் என்ற கேள்வியே வரும். அளவுகோல் மு. கருணாநிதி வழக்கில் (1979) இருக்கிறது. ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றதை மீறியாக வேண்டும் என்ற நிலை இருந்தால் அது முரண். ஒரே துறையில் இரண்டும் அருகருகே ஓட முடிந்தால் முரண் இல்லை. பொது வாழ்வில் இருப்பவர்களின் ஊழல் பற்றிய 1973-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தனிக் குற்றத்தை உருவாக்கியது, அதனால் அது தண்டனைச் சட்டத்தோடு முட்டவில்லை என்றது நீதிமன்றம்.

நேருக்கு நேர் முட்டாவிட்டாலும் ஒரு வழியில் விழலாம். நாடாளுமன்றம் அந்தத் துறை முழுவதற்கும் தானே விதி வகுத்துவிட்டால் மாநிலத்துக்கு அங்கே இடம் இல்லை. மேற்கு வங்கத்தின் வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இல் இப்படித்தான் விழுந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகளையே பெரும்பாலும் எடுத்து எழுதியிருந்தார்கள், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கேட்கவே இல்லை. அச்சாக ஒத்திருப்பதும் அங்கே காப்பாற்றவில்லை. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நிலக்கணக்கு:
நில எடுப்பு வழக்கில் சிக்கல் முழுக்க தேதியில்தான். சொத்து கையகப்படுத்தல் பொதுப்பட்டியலின் 42-ஆம் பதிவு. நாடாளுமன்றத்தின் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்துக்கு அந்த ஆண்டு செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்ததோ 1.1.2014-இல்.

தமிழ்நாடு தன் மூன்று சட்டங்களை (ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978 சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997 சட்டம், 2001 நெடுஞ்சாலைச் சட்டம்) காப்பாற்ற அந்த 2013 சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கி, 1.1.2014 முதல் முன்தேதியிட்டது. அங்கேதான் சறுக்கல். ஒரு சட்டம் "இயற்றப்பட்ட" நாளிலேயே முரண் வந்துவிடும், நடைமுறைக்கு வரும் நாள் வரை அது காத்திருக்காது. அதனால் மூன்று மாநிலச் சட்டங்களும் 2013 செப்டம்பரிலேயே செத்துப்போயின. செத்த சட்டத்துக்கு ஜனவரியிலிருந்து விலக்கு கொடுத்து என்ன பயன்? மீண்டும் இயற்றித்தான் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்றது உயர் நீதிமன்றம்.

அரசு அதே ஆண்டு அதைத்தான் செய்தது. மூன்று சட்டங்களுக்கும் உயிர் கொடுக்கும் 2019 சட்டத்தைப் புதிதாக இயற்றி, முன்தேதியிட்டு, 254(2) ஒப்புதலும் பெற்றது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, கையெழுத்து இருந்ததா என்பதோடு, எந்தத் தேதியை எட்டும்படி அது வாங்கப்பட்டது என்பதும் கேள்வி.

மூன்றாம்பட்டியல்:
மேலே இரண்டு பேரும் விட்டது ஒன்று. ஒப்புதல் எந்த ஒன்றியச் சட்டத்தை மனதில் வைத்துக் கேட்கப்பட்டது என்பதும் முக்கியம். கைசர்-இ-ஹிந்த் வழக்கில் (2002) பம்பாய் வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைக் கேட்டபோது சொத்து மாற்றச் சட்டம் போன்றவற்றைத்தான் சுட்டியிருந்தார்கள். பொதுக் கட்டடங்களிலிருந்து வெளியேற்றும் 1971 சட்டத்தைக் குறிப்பிடவில்லை. அதனால் அந்த 1971 சட்டத்துக்கு எதிராக ஒப்புதல் பயன்படாமல் போனது.

நடைமுறையில் இதன் பொருள்: மசோதாவோடு போகும் குறிப்பில், மாநில மசோதாவின் எந்தப் பிரிவு எந்த ஒன்றியச் சட்டத்தின் எந்தப் பிரிவோடு முட்டுகிறது, அந்த விலகல் ஏன் தேவை என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று பொதுவாகக் கேட்டு வாங்கும் ஒப்புதல் பின்னால் நீதிமன்றத்தில் கைகொடுக்காது.

காலம் வேறு தலைவலி. ஆளுநர் உறுப்பு 200-இன் கீழ் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்காக ஒதுக்கி வைத்த பிறகு, உறுப்பு 201 குடியரசுத் தலைவருக்குக் கெடு எதையும் சொல்லவில்லை. நீதிமன்றமும் கெடு விதிக்க முடியாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்துவிட்டது. மசோதா திரும்பி வந்தால் சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அப்படியே மீண்டும் நிறைவேற்றி அனுப்பினாலும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

படிக்கட்டு:
ஜல்லிக்கட்டுச் சட்டமும் இதே கணக்குதானா? 2009 சட்டம் விழுந்தது, 2017 சட்டம் நின்றது.

வரைவுமேசை:
பாதி இதுதான். விலங்கு வதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் 17-ஆம் பதிவு. 2009 சட்டம் 1960 வதைத் தடுப்புச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் இல்லை. 2017-இல் வழியை மாற்றினார்கள். தனிச் சட்டம் போடாமல் அந்த 1960 சட்டத்தையே தமிழ்நாட்டு அளவில் திருத்தி ஒப்புதல் வாங்கினார்கள். மறு பாதி அடிப்படை உரிமை பற்றிய வாதங்கள். ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று எல்லாவற்றையும் பார்த்து 2017 திருத்தத்தை ஏற்றது.

ஆனால் 254(2)-இன் வால் வாக்கியத்தையும் படியுங்கள். ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தைக்கூட நாடாளுமன்றம் பிறகு திருத்தலாம், நீக்கலாம். அதைப் பெயர் சொல்லி நீக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதே பொருளில் பிற்காலத்தில் முரணான ஒன்றியச் சட்டம் வந்தாலே போதும். அத்தியாவசியப் பொருள் வழக்குகளில் தண்டனையைக் கூட்டிய 1947-ஆம் ஆண்டு பம்பாய்த் திருத்தம், 1950-இல் நாடாளுமன்றம் அதே தண்டனைப் பிரிவைத் திருத்தியதும் இப்படித்தான் வலுவிழந்தது. 1954-இல் சாவர்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் மாநிலத் திருத்தம் ஒன்றைப் படிக்கும்போது அதற்குப் பிந்தைய தேதியில் ஒன்றியத் திருத்தம் எதுவும் இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் "இது செல்லும்" என்று எழுத வேண்டும்.