ரெதுயியில் முதல் ஆண்டு: நம் ஊர் மாணவர்களோடு ஒரே வீடா, மொரீசியஸ் குடும்பத்தில் ஓர் அறையா?

தஞ்சைப் புதுமாணவன்:
அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்டில் மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் சேர இருக்கிறேன். ரெதுயி வளாகத்துக்கு அருகே தமிழ்நாட்டு மாணவர்கள் நால்வர் எடுத்திருக்கும் வீட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ரோஸ் ஹில்லில் மொரீசியஸ் தமிழ்க் குடும்பம் ஒன்றும் மாடி அறையைத் தரச் சம்மதித்திருக்கிறது. வாடகையில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டை விட்டுத் தங்குவது எனக்கு இதுவே முதல் முறை என்பதால், அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மூன்றாமாண்டு மாணவன்:
தம்பி, தயங்காமல் நம் பிள்ளைகளோடு தங்குங்கள். நானும் ஆகஸ்டில்தான் வந்தேன். நமக்கு ஆடி மாதம் என்றால் காற்று. இங்கே அது குளிர்காலம். மத்திய மேட்டுநிலத்தில் தென்கிழக்குக் காற்றோடு தூறல் விடாமல் பெய்து, துவைத்த சட்டை மூன்றாம் நாளும் ஈரமாகவே கிடந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அப்போது தனியறையில் இருந்தேன். இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு கடும் காய்ச்சல் கண்டது. மாலை மங்கினால் இங்கே பேருந்துகள் அருகிவிடும். அம்மாவிடம் பேசலாம் என்றால், நம் ஊர் நேரம் இங்கிருப்பதைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது, அவர் உறங்கியிருப்பார். யாரை எழுப்புவது என்று தெரியாமல் விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் வகுப்பில் என்னைக் காணாமல் தேடி வந்த திருச்சி மாணவர் ஒருவர், தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன். முதல் பருவத்தில் ஒருவருக்கு வேண்டியது துணை. மற்றவற்றைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

ரோஸ் ஹில் வாசி:
பிறகு கற்றுக்கொள்ளலாம் என்பதைத்தான் நான் மறுக்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் நானும் நம் ஊர்ப் பெண்களோடுதான் இருந்தேன். பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் இவ்வூர் மக்களின் பேச்சுமொழியான கிரியோல் தேவையில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். வகுப்பு முடிந்து படிக்கட்டில் இறங்கும்போதே பேச்சு கிரியோலுக்கு மாறிவிடும். செய்தித்தாளோ பிரெஞ்சில் இருக்கும். ஓராண்டு கழிந்தும் எனக்குத் தெரிந்தவை 'போன்சூர்', 'மெர்சி' என்ற இரண்டு சொற்களே. குழுவாகச் செய்ய வேண்டிய பணிகளில் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளப்படும் ஆளாகவே இருந்தேன்.

இரண்டாம் ஆண்டில் ரோஸ் ஹில்லில் ஒரு குடும்பத்தோடு தங்கினேன். வீட்டு அம்மாவை இவ்வூர் வழக்கப்படி 'தாந்தின்', அதாவது அத்தை, என்றே அழைப்பேன். முதல் நாள் அவர் பீர்க்கங்காயைச் சீவிக்கொண்டே அதைப் 'பிப்பாங்காய்' என்றார். முருங்கைக் கீரையை 'ப்ரேத் முரூம்' என்றார். தமிழ் பேசத் தெரியாத அந்த அடுக்களையில் நம் சொற்கள் வேறு உருவில் உயிரோடு இருப்பதைக் கண்டு எனக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. பூசையறையில் அவருடைய பாட்டனாரின் படத்துக்கு அடியில் மங்கிய மையில் இரண்டு வரிகள் இருந்தன. அவற்றைப் படித்துச் சொல்ல முடியுமா என்று ஒரு மாலை தயங்கித் தயங்கிக் கேட்டார். படித்தேன்: பெயர், மாதம், இறந்த திதி. அந்தத் திதி அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவளாக நடத்தப்படவில்லை.

தொலைவையும் ஒரு காரணமாகச் சொல்ல முடியாது. 2023 முதல் ரோஸ் ஹில்லில் ஏறினால் எபேன் வழியாக ரெதுயி வரை மெட்ரோவிலேயே வந்துவிடலாம்.

மூன்றாமாண்டு மாணவன்:
உங்களுக்கு அப்படியொரு தாந்தின் கிடைத்தது நற்பேறு, அக்கா. எல்லா வீடும் அப்படி அமையாது. காய்ச்சலில் கிடப்பவன், அறிமுகமில்லாத குடும்பத்தின் கதவை நள்ளிரவில் தட்டத் தயங்குவான். பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் நண்பனை எழுப்ப அவனுக்குத் தயக்கம் இருக்காது. மொழிக்காக நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் முதல் பருவத்துக்கு அது பொருந்தும் என்று ஏற்க மாட்டேன்.

மோக்கா தமிழாசிரியர்:
நான் இந்த மண்ணில் பிறந்தவன். இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் முன்னோரில் ஒரு பகுதியினர் ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்பே, 1730களில், பாண்டிச்சேரியிலிருந்து கைவினைஞர்களாக வந்தவர்கள். எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் வெளியான நோட்டுகளில் தமிழ் இந்திக்குப் பின்னே தள்ளப்பட்டபோது எங்கள் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. இவ்வளவும் செய்தவர்களைப் பார்த்து, வீட்டில் தமிழ் பேசாததால் நீங்கள் தமிழரே அல்லர் என்று இங்கே படிக்க வந்த சில பிள்ளைகள் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அது மிகவும் வருத்துகிறது. நீங்கள் எந்த வீட்டில் தங்கினாலும், அந்த எண்ணத்தோடு மட்டும் வராதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. தைப்பூசக் காவடிக்கு முன் பத்து நாட்கள் விரதம் இருக்கும் வீடுகளில் அசைவம் நுழையாது. குடும்பத்தோடு தங்குவதானால் முதலிலேயே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தஞ்சைப் புதுமாணவன்:
ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் நன்றி. அம்மாவிடம் அனைத்தையும் படித்துக் காட்டினேன். காய்ச்சல் வந்த இரவைப் படித்தபோது அம்மா அழுதுவிட்டார். திதியைப் பற்றிப் படித்ததும், அந்த மாதிரி வீட்டுக்கே போ என்றார். ரோஸ் ஹில் அறையை எடுக்கிறேன். அண்ணா, உடம்புக்கு முடியாமல் போனால் உங்களை இரவில் அழைக்கலாமா?

மூன்றாமாண்டு மாணவன்:
எந்த நேரமானாலும் அழையுங்கள், தம்பி. என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் கூட்டுச் சமையல் நடக்கும். வரும்போது ரோஸ் ஹில் சந்தையில் இரண்டு பீர்க்கங்காய் வாங்கி வாருங்கள்.

ரோஸ் ஹில் வாசி:
கடைக்காரரிடம் பிப்பாங்காய் என்றே கேளுங்கள்.