163 பேரை வைத்து என் சித்தப்பாவுக்கு எப்படி முடிவெடுக்கிறார்கள்?

விழுப்புரத்தான்

சித்தப்பாவுக்கு வயது 52. இரண்டு மாதமாக இருமல். போன வாரம் சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்துவிட்டது. அட்டை போட்டு, மாத்திரை கொடுத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எட்டு வயதுப் பேரன் இருக்கிறான். "அட்மிட் பண்ணக் கூடாதா சார்?" என்று கேட்டேன். இளம் டாக்டர்தான், கோபப்படவில்லை. "மெட்ராஸில் 1959லேயே இதை ஆராய்ச்சி பண்ணி முடிச்சுட்டாங்க. வீட்டில் இருந்தாலே போதும்" என்றார்.

வந்து தேடிப் படித்தேன். அந்த ஆராய்ச்சியில் கடைசியாகக் கணக்கில் எடுத்தது 163 பேர். எங்கள் தெருவில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முந்தைய 163 பேரை வைத்து இன்றைக்கு என் சித்தப்பாவை எப்படித் திருப்பி அனுப்பலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

மருத்துவப் புள்ளியியல்தான் என் வேலை. அதனால் அந்த ஆய்வின் பக்கம் நின்றே பேசுகிறேன்.

அப்போது டி.பி. என்றாலே சானடோரியம்தான், அதாவது டி.பி. நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனை. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் இருக்கிறதே, அது அந்தக் காலத்து மிச்சம். சுத்தமான காற்று, கட்டில் ஓய்வு, பால், முட்டை. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதாது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாலும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கின. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் கேள்வியே உங்கள் கேள்விதான்: ஒரே மருந்தை வீட்டில் சாப்பிட்டால் என்ன, சானடோரியத்தில் சாப்பிட்டால் என்ன?

யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. குலுக்கல்தான். அதில்தான் விஷயமே இருக்கிறது. டாக்டர் தேர்ந்தெடுத்திருந்தால் ரொம்ப முடியாதவரைப் படுக்கைக்கும் தெம்பானவரை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார். ஒரு வருடம் கழித்து வீட்டில் இருந்தவர்கள் நன்றாக இருந்தால், அது மருந்தாலா, முதலிலேயே இருந்த தெம்பாலா என்று பிரிக்கவே முடியாது. அப்படித் தேர்ந்தெடுத்த பத்தாயிரம் பேரைவிடக் குலுக்கிப் போட்ட 163 பேர் எனக்கு மேல்.

முடிவு: ஒரு வருட முடிவில் சளியில் கிருமி அடங்கியிருந்தவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதிகமாகத் தொற்றியதா என்றால், இல்லை. நோய் கண்டுபிடிக்கும் முன்பே, இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே பரவ வேண்டியது பரவிவிடுகிறது.

அது இருக்கட்டும், பேரனைப் பரிசோதிக்கச் சொன்னார்களா இல்லையா? முதலில் அதைக் கேளுங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை உண்டு.

பழைய சிஸ்டர்

கணக்குப்பிள்ளை தம்பி, நான் 31 வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். அதில் 11 வருடம் டி.பி. வார்டு. குலுக்கல், சதவீதம் எல்லாம் நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தலையணை உறை மாற்றும்போது அடியில் நாலு கேப்ஸ்யூல் கிடக்கும். "சாப்பிட்டியாப்பா?" என்றால் "சாப்பிட்டேன் சிஸ்டர்" என்பான். "ஒண்ணுக்கு எந்தக் கலர்ல போச்சு?" என்று கேட்பேன். ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்து உள்ளே போனால் ஆரஞ்சாகத்தான் போகும். முழிப்பான். வார்டில், நான் இருக்கும்போதே இந்தக் கதை. வீட்டில் யார் தலையணையைத் தூக்கிப் பார்ப்பது? வீட்டுக்கு அனுப்பி, மூன்று மாதம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர்களை நான் தூக்கிப் படுக்க வைத்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

கணக்குப்பிள்ளை

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலேயே குணமாகிவிட்டவர் உங்கள் வார்டுக்கு வரவே மாட்டார். நீங்கள் பார்த்தது திரும்பி வந்தவர்களை மட்டும்தான்.

கண்ணால் பார்த்ததை நம்பி இதய மருத்துவர்கள் ஒருமுறை பட்டிருக்கிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஆபத்து என்று தெரியும். அதைச் சீராக்க மாத்திரை இருந்தது. ஈ.சி.ஜி.யில் துடிப்பு சீராவது கண்ணுக்கே தெரியும். கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற ஆய்வில் குலுக்கிப் போட்டுப் பார்த்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். அவ்வளவு பேருக்கு ஈ.சி.ஜி. பார்த்த எந்த டாக்டர் கண்ணிலும் இது படவில்லை.

சந்தேகப்பிராணி

வேடிக்கை பார்க்க மட்டும்தான் வந்தேன். ஆனால் கணக்குப்பிள்ளை அந்த 86, 92ஐ வேகமாகத் தாண்டிப் போனது கண்ணை உறுத்துகிறது.

வீட்டில் 82 பேர், சானடோரியத்தில் 81 பேர். சதவீதத்தை ஆளாக மாற்றுங்கள். வித்தியாசம் ஏறக்குறைய நாலு பேர். நாலு பேர் தற்செயலாகவும் வரும், நிஜமான வித்தியாசமாகவும் இருக்கும். இவ்வளவு சின்னக் கூட்டத்தில் 'வித்தியாசம் தெரியவில்லை' என்று சொல்லலாம். 'வித்தியாசம் இல்லை' என்று எப்படிச் சொல்வது? இரண்டும் ஒன்றா?

இன்னொன்று, ஓர் ஊரில் நிரூபித்தது இன்னோர் ஊருக்குப் பொருந்தும் என்று யார் சொன்னது? பி.சி.ஜி. ஊசி பிரிட்டனில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு அபாரமாக வேலை செய்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, சுமார் 3.6 லட்சம் மக்கள் இருந்த பகுதியில், ஒரு பகுதியினருக்கு வெற்று ஊசி போட்டுப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை. பச்சைக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான டி.பி.யைத் தடுப்பதால்தான் பிறந்ததும் இன்றும் போடுகிறோம். அதே ஊசிதான்.

கணக்குப்பிள்ளை

நாலு பேர் கணக்கு சரிதான். தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். அந்த எண்களை மட்டும் வைத்தால், வீட்டுச் சிகிச்சை 15 சதவீதம் வரை மோசமாக இருக்கலாம், 4 சதவீதம் நல்லதாகவும் இருக்கலாம். இன்றைக்கு யாராவது இதே அளவில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால், இன்னும் ஆள் சேர்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லுவேன். ஆனால் அவர்கள் ஒரு வருடத்தோடு நிறுத்தவில்லை. ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். அப்போதும் சானடோரியம் முந்தவில்லை.

செங்கல்பட்டை நீங்கள் எடுத்துக் கொடுத்தது எனக்குத்தான் சாதகம். பிரிட்டன் முடிவு இங்கே செல்லாது என்று நமக்குச் சொன்னது யாருடைய அனுபவம்? இன்னொரு குலுக்கல் ஆய்வுதானே.

விழுப்புரத்தான்

ஒன்று புரிகிறது, ஒன்று புரியவில்லை. சிஸ்டர் சொன்ன தலையணைக் கதை அந்த 82 பேர் வீட்டில் நடந்திருக்காதா?

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் போவார்கள், மிச்ச மருந்தை எண்ணுவார்கள், சிறுநீரை எடுத்து மருந்து உள்ளே போனதா என்று சோதிப்பார்கள். அக்கா நிறம் கேட்டாரே, அதேதான். அன்றைய மருந்து வேறு என்பதால் ரசாயனம் ஊற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

பழைய சிஸ்டர்

அப்படிச் சொல்லுங்கள்! அது 'வீட்டுச் சிகிச்சை'யா? வார்டையே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். விழுப்புரத்துத் தம்பியின் சித்தப்பா வீட்டுக்கு யாராவது வந்து மாத்திரை எண்ணினார்களா? அந்த டாக்டர் ஆராய்ச்சியில் பாதியைக் கொடுத்துவிட்டு முழு ஆராய்ச்சியின் பேரைச் சொல்லியிருக்கிறார்.

விழுப்புரத்தான்

இதுவரை யாரும் வரவில்லை சிஸ்டர். ஒரு போன் வந்தது. ஆதார் எண் கேட்டார்கள்.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. 'வீடு' என்ற சொல் மட்டும் 1959இலிருந்து வந்து சேர்ந்தது, கூட வந்தவர்கள் வழியில் இறங்கிவிட்டார்கள்.

பழைய சிஸ்டர்

இன்னும் முடியவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

கணக்குப்பிள்ளை

அந்த ஆய்வில் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, எடையும் அதிகம் கூடியது. வீட்டில் இருந்தவர்கள் வறுமையில் கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். அப்படியும் கிருமி ஏறக்குறைய ஒரே அளவில் அடங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு, 'மருந்து இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம்' என்று வெகு காலம் ஓட்டிவிட்டார்கள். ஆனால் ஆய்வு கேட்டது கிருமி அடங்குமா என்பதை. சாப்பாட்டைத் தனியாகப் பிரித்து அவர்கள் கேட்கவே இல்லை.

கேட்டது ஜார்க்கண்டில், 2019இல் தொடங்கிய 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு. சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆளை ஆளாகக் குலுக்கவில்லை, 28 டி.பி. யூனிட்டுகளை, அதாவது டி.பி. சிகிச்சையைக் கவனிக்கும் வட்டாரப் பிரிவுகளைக் குலுக்கினார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு அரிசி, பக்கத்து வீட்டுக்கு இல்லை என்றால் ஊரில் நடமாட முடியாது, அரிசியும் வீடு மாறிவிடும். நோயாளி எல்லோருக்கும் உணவுப் பை. கூட இருக்கும் குடும்பத்தாருக்கு மட்டும், பாதி யூனிட்டுகளில் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. மொத்தம் 10,345 குடும்பத்தார். சாப்பாடு கிடைத்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய வகை மட்டும் என்றால் 48 சதவீதம். அரிசியும் பருப்பும்!

சந்தேகப்பிராணி

குடும்பத்தாருக்கு, சரி. நோயாளிக்கு? அவர்கள் எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்துவிட்டால் ஒப்பிட ஆள் எங்கே? 'முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களில் சாவு வெகுவாகக் குறைவு' என்று அதே ஆய்விலிருந்து எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். உடம்பு தேறுகிறவனுக்கு எடை கூடும். தேறுகிறவன் சாகவும் மாட்டான். சாப்பாடு காப்பாற்றியதா, தேறியதால் சாப்பிட்டானா?

கணக்குப்பிள்ளை

பிரிக்க முடியாதுதான். ஆனால் எலும்பும் தோலுமாக இருப்பவனிடம் 'உனக்குச் சீட்டு விழவில்லை, பட்டினி கிட' என்று சொல்ல எந்த நெறிமுறைக் குழு கையெழுத்துப் போடும்? நானும் போட மாட்டேன்.

விழுப்புரத்தான், இவ்வளவு நேரம் கேட்காமல் விட்டது என் தப்பு. சித்தப்பாவின் உயரம், எடை என்ன?

பழைய சிஸ்டர்

எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கிறாரா? அதையும் சொல்லுங்கள்.

விழுப்புரத்தான்

உயரம் 168 செ.மீ. எடை 39 கிலோ. எழுந்திருக்கும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொள்கிறார். நேற்றிலிருந்து சித்திதான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போகிறாள்.

கணக்குப்பிள்ளை

பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 13.8. இன்றைக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள். விவாதம் அப்புறம். தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இருக்கிறது. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், பிடிக்காமல் நிற்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலே ஆபத்தான நிலை என்று எடுத்து அட்மிஷனுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

சந்தேகப்பிராணி

அண்ணே, போங்கள், தாமதிக்காதீர்கள். கணக்குப்பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை: இந்தத் திட்டத்தில் குலுக்கல் எங்கே?

கணக்குப்பிள்ளை

இல்லை. முன்னால் எவ்வளவு பேர் இறந்தார்கள், பின்னால் எவ்வளவு என்று ஒப்பிடலாம், அவ்வளவுதான். அதில் இருக்கிற ஓட்டை எனக்கும் தெரியும். நிற்க முடியாதவரை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்று குலுக்கச் சொல்கிறீர்களா?

சந்தேகப்பிராணி

நான் சொல்லவில்லை. நீங்கள் எங்கே கோடு போடுகிறீர்கள் என்று பார்த்தேன்.

விழுப்புரத்தான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அன்றைக்கே அட்மிட் செய்துவிட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது தானாக நடக்கிறார். பேரனுக்கு நோய் இல்லை, தடுப்பு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. நேற்று சித்தப்பா எடை 40.6!

கணக்குப்பிள்ளை

ரொம்ப சந்தோஷம். அந்த 39ம் இந்த 40.6ம் ஒரே தராசா?

விழுப்புரத்தான்

இல்லையே. 39 எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப் வாசலில் இருக்கும் தராசு. வார்டில் முதல் நாள் பார்த்தபோது 39.8 இருந்தது.

கணக்குப்பிள்ளை

39.8 என்றால் பி.எம்.ஐ. 14.1.

பழைய சிஸ்டர்

அப்படியென்றால் உங்கள் கணக்குப்படி அவர் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். கட்டில் காலைப் பிடித்து எழுந்ததுதான் உள்ளே கொண்டுபோயிருக்கிறது. அதைக் கேட்டது யார் தம்பி?

சந்தேகப்பிராணி

அக்கா, ஒரே ஓர் ஆளை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.